கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையில்

*அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு பணம் தேவை என்று மதிப்பிட்டுச் சொல்வதற்காகவே மானியக் குழுக்கள் பிறந்தன. அந்த வேலையை இன்று செய்வது யார்?*

1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. ஏறத்தாழ 424 கோடி ரூபாய் வரி நிலுவையில் உள்ளது என்பது துறையின் கணக்கு. மாதச் சம்பளம், ஓய்வூதியம், தேர்வுச் செலவு என்று ஒரு பல்கலைக்கழகம் நாள்தோறும் செய்தாக வேண்டிய செலவுகள் எல்லாம் அந்தக் கணக்குகளின் வழியாகவே நடந்துவந்தன. முந்தைய துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்து, புதியவர் நியமிக்கப்படாமல் இருந்த நேரம் அது என்பதால், வரித் துறையிடமும் மாநில அரசிடமும் சென்று வாதாடுவதற்கு முழு அதிகாரத்தோடு ஒருவர்கூட அப்போது இல்லை.

ஓர் அரசுப் பல்கலைக்கழகம் வரி கட்ட வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது பலருக்கும் புதிராகவே இருந்தது. அரசால் முழுமையாகவோ பெருமளவிலோ நிதியளிக்கப்படும் பல்கலைக்கழகத்துக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. பெருமளவு என்றால் எவ்வளவு என்பதை 2014இல் சேர்க்கப்பட்ட 2பிபிபி என்ற விதி வரையறுத்தது. நிறுவனத்தின் மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்பதே அந்த வரையறை. மாநில அரசின் மானியம் ஆண்டுக்காண்டு சுருங்கி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும், பல்கலைக்கழகம் வரித் துறையின் பார்வையில் அரசு நிறுவனம் என்ற தகுதியை இழந்தது. மானியம் குறைந்ததால் மாணவர் கட்டணத்தையும் பிற வருவாயையும் நம்பத் தொடங்கிய நிறுவனம், அப்படி நம்பியதற்காகவே வரிக்கு உள்ளானது.

மானியம் இவ்வளவு போதும் என்று தீர்மானித்தவர் யார், எந்த மதிப்பீட்டின் அடிப்படையில் தீர்மானித்தார் என்ற கேள்விக்கு, பொதுமக்கள் படித்துப் பார்க்கத்தக்க ஆவணம் எதுவும் இல்லை. அப்படியோர் ஆவணத்தை உருவாக்குவதற்கென்றே ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பிரிட்டனும், 80 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவும் முடிவு செய்திருந்தன. அந்த அமைப்பு என்ன ஆனது என்பதுதான் இன்றைய பல்கலைக்கழக நிதி நெருக்கடியின் பாதிக் கதை.

கருவூலத்தின் நிழலில் ஒரு குழு

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பெட்டிகள் காலியாகவும் வகுப்பறைகள் நிரம்பியும் இருந்தன. 1919இல் அந்நாட்டுக் கருவூலம் பல்கலைக்கழக மானியக் குழு ஒன்றை ஏற்படுத்தியது. சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. கருவூலத்தின் குறிப்பாணை ஒன்றே அதன் பிறப்புச் சான்று. வில்லியம் மெக்கார்மிக் அதன் முதல் தலைவர். பல்கலைக்கழகக் கல்வியின் நிதித் தேவைகளை விசாரித்து அறிவதும், நாடாளுமன்றம் ஒதுக்கும் மானியத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று அரசுக்கு ஆலோசனை கூறுவதும் அதன் பணிகள் என வகுக்கப்பட்டன. மானியம் பெறும் நிறுவனங்களில் பணியிலிருந்தவர்கள் தொடக்க காலத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை. கேட்பவர் பக்கமும் சாயாமல், கொடுப்பவர் பக்கமும் சாயாமல், இரு தரப்பையும் அறிந்தவர்கள் நடுவில் அமர வேண்டும் என்பதே நோக்கம். ஆங்கிலேயர் இதனை இடைத்தாங்கி அமைப்பு என்ற பொருளில் குறிப்பிட்டனர். அரசியலின் அதிர்வு பல்கலைக்கழகத்தின் மீது நேரடியாக விழாமல் தாங்கிக்கொள்வது அதன் வேலை.

குழு இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு மொத்தமாக எவ்வளவு தேவை என்பது முதல் கேள்வி. கிடைத்ததை அவற்றிடையே எப்படிப் பங்கிடுவது என்பது இரண்டாவது கேள்வி. குழு பல்கலைக்கழகங்களுக்கு நேரில் சென்று பார்த்து, ஐந்தாண்டுத் தேவையைத் தொகுத்து, கருவூலத்திடம் தெரிவித்தது. கருவூலமும் பெரும்பாலும் அதற்கு மதிப்பளித்தது. பணம் தொகுப்பு மானியமாக, அதாவது இந்த இனத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் ஒரே தொகையாகச் சென்றது. ஐந்தாண்டுகளுக்கு வரப்போகும் தொகை முன்கூட்டியே தெரிந்ததால், ஒரு துறையைத் தொடங்குவதா, ஒரு பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்துவதா என்று பல்கலைக்கழகங்கள் நிதானமாகத் திட்டமிட முடிந்தது.

இந்த ஏற்பாடு குலைந்த விதம் இந்தியாவுக்கும் பாடமாக அமையத்தக்கது. 1964இல் குழு கருவூலத்தின் பொறுப்பிலிருந்து கல்வித் துறையின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. 1970களின் பணவீக்கத்தில் ஐந்தாண்டு முறை நொறுங்கியது. முதல் கேள்விக்கான விடையை அரசே சொல்லத் தொடங்கியது. இரண்டாவது கேள்வி மட்டும் குழுவிடம் எஞ்சியது. 1981இல் தாட்சர் அரசு மொத்தத் தொகையை வெட்டியபோது, வெட்டை யார் மீது எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு குழுவின் தலையில் விழுந்தது. சராசரி வெட்டு 17 விழுக்காடு அளவில் இருக்க, சால்ஃபர்டு பல்கலைக்கழகம் மட்டும் ஏறத்தாழ 44 விழுக்காட்டை இழந்தது. வெட்டியது அரசு என்றாலும் பழி சேர்ந்தது குழுவுக்கு. பல்கலைக்கழகங்களின் நம்பிக்கையையும் அரசின் மரியாதையையும் ஒருசேர இழந்த அந்தக் குழு, 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1989இல் கலைக்கப்பட்டது. மொத்தத் தேவையைச் சொல்லும் உரிமையை இழந்த ஆலோசனைக் குழு, பங்கீட்டின் பழியைச் சுமக்க மட்டுமே பயன்படும் என்பதை அந்த எட்டு ஆண்டுகள் காட்டின.

---
பெட்டிச் செய்தி: கணக்கில் வரும் சொற்கள்

பராமரிப்பு மானியம்: சம்பளம், மின்சாரம், ஓய்வூதியம் போன்ற அன்றாடச் செலவுக்கானது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இதை வழங்குவது மாநில அரசின் பொறுப்பு.

வளர்ச்சி மானியம்: புதிய கட்டடம், ஆய்வுக் கருவி, நூலகம், புதிய பணியிடம் ஆகியவற்றுக்கானது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய மானியக் குழு வழங்கிவந்தது பெரும்பாலும் இதைத்தான்.

2எஃப், 12பி: மானியக் குழுச் சட்டத்தின் இரு பிரிவுகள். முதலாவது, ஒரு நிறுவனத்தைச் சட்டத்தின் வரம்புக்குள் அங்கீகரிப்பது. 1972இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது, மத்திய அரசின் மானியம் பெறுவதற்கான தகுதியைத் தருவது.

பயன்பாட்டுச் சான்றிதழ்: பெற்ற மானியம் எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அதற்கே செலவிடப்பட்டது என்று தணிக்கையாளர் ஒப்பத்துடன் தரப்படும் சான்று. இது போய்ச் சேராமல் அடுத்த தவணை வராது.

---

சட்டம் எழுதியதும் எழுதாததும்

1944இல் வெளிவந்த சார்ஜென்ட் அறிக்கை இந்தியாவுக்கும் இத்தகைய குழு வேண்டும் என்றது. 1945இல் அலிகார், பனாரஸ், தில்லி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்காக மட்டும் ஒரு குழு அமைந்தது. 1947இல் அதன் எல்லை விரிந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், பிரிட்டனின் குழுவை ஒத்த அமைப்பாக அதை மாற்றியமைக்கப் பரிந்துரைத்தது. 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் அந்த ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவர். 1953 டிசம்பர் 28 அன்று மௌலானா ஆசாத் குழுவைத் தொடங்கி வைத்தார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் முதல் தலைவரானார். 1956இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதைச் சட்டபூர்வ அமைப்பாக்கியது.

யு.ஜி.சி. என்று பரவலாக அறியப்படும் அந்த அமைப்பின் சட்டத்தை இன்று படிப்பவருக்கு வியப்பூட்டும் பிரிவு ஒன்று உண்டு. 12ஆம் பிரிவின் ‘இ’ உட்பிரிவு, மத்திய அரசின் தொகுநிதியிலிருந்து மட்டுமல்லாமல் மாநில அரசின் தொகுநிதியிலிருந்தும் பல்கலைக்கழகங்களுக்கு மானியம் ஒதுக்குவது குறித்து அந்தந்த அரசுகளுக்கு ஆலோசனை கூறுவதைக் குழுவின் பணிகளில் ஒன்றாக வைக்கிறது. 13ஆம் பிரிவு ஒரு பல்கலைக்கழகத்தின் நிதித் தேவையை அறிவதற்காக, அதனுடன் கலந்து பேசிய பின், ஆய்வு நடத்த அனுமதிக்கிறது. ஆய்வு என்றவுடன் தரத்தை அளக்கும் வருகைதான் இன்று நினைவுக்கு வருகிறது. சட்டமோ நிதித் தேவையைத்தான் முதலில் குறிப்பிடுகிறது.

சட்டம் எழுதாமல் விட்டவையும் உண்டு. குழுவின் ஆலோசனையை அரசு ஏற்காவிட்டால் காரணம் கூற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆலோசனையை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியும் இல்லை. தலைவர், துணைத் தலைவர், பத்து உறுப்பினர்கள் என்று அமையும் குழுவில் மத்திய அரசு அலுவலர்கள் இருவருக்கு இடம் உண்டு. மாநில அரசுகளின் பிரதிநிதிக்கென ஓர் இருக்கைகூட ஒதுக்கப்படவில்லை. தேசிய நோக்கம் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய அரசின் கட்டளைப்படி குழு நடக்க வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. ஆக, பிரிட்டனில் மரபு தந்த சுதந்திரத்தை இந்தியாவில் சட்டம் தரவில்லை. தந்ததுபோல் தோன்றிய இடங்களிலும் அரசு நுழைய வாசலைத் திறந்தே வைத்தது.

கருவி வரும், பராமரிப்பு வராது

இவ்வளவு குறைகள் இருந்தும் குழுவின் முதல் இருபது ஆண்டுகள் வீணாகவில்லை. சி.டி. தேஷ்முக், டி.எஸ். கோத்தாரி போன்றோர் தலைமை வகித்த அந்தக் காலத்தில், 1960களின் தொடக்கத்தில் உயர் ஆய்வு மையத் திட்டம் வந்தது. எல்லாருக்கும் சிறிதுசிறிதாகப் பகிர்ந்து தருவதற்குப் பதிலாக, ஏற்கெனவே சிறந்து விளங்கிய துறைகளைத் தேர்ந்தெடுத்து உயர்த்தும் திட்டம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனின் உயிரியற்பியல் துறையும், டி.எஸ். சதாசிவனின் தாவரவியல் துறையும், டி.எம்.பி. மகாதேவனின் மெய்யியல் துறையும் அத்தகுதி பெற்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் நிலையமும் மொழியியல் துறையும் அவ்வாறே உயர்ந்தன. அழகப்பச் செட்டியார் நிறுவி, அவர் மறைவுக்குப்பின் நிதியின்றித் தத்தளித்த இராமானுஜன் கணித நிறுவனம், 1967இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையோடு இணைந்து உயர் ஆய்வு மையமாக நிலைபெற்றதும் இத்திட்டத்தால்தான். எந்தத் துறையில் யார் உண்மையாக வேலை செய்கிறார் என்பதை அறிந்த கல்வியாளர்கள் பணத்தின் போக்கைத் தீர்மானித்ததால் விளைந்தவை இவை. கோப்பை மட்டும் பார்க்கும் அலுவலகத்தால் இவற்றைச் செய்திருக்க முடியாது.

திட்டத்தின் அடிக்கட்டுமானத்தில் இருந்த விரிசல் மெல்லத்தான் வெளிப்பட்டது. வளர்ச்சி மானியம் தில்லியிலிருந்தும் பராமரிப்பு மானியம் மாநிலத் தலைநகரிலிருந்தும் வந்தன. ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கு ஒரு பேராசிரியர், இரு விரிவுரையாளர் என்று பணியிடங்களை மானியக் குழு அளித்தால், அந்த ஐந்தாண்டு முடிந்தபின் அவர்களுடைய சம்பளத்தை மாநில அரசு ஏற்கும் என்ற உறுதிக் கடிதத்தை முன்னதாகவே பெற்றுத் தர வேண்டும். மாநில நிதித் துறை அந்தக் கடிதத்தில் எளிதில் கையெழுத்திடாது. பிறர் போட்ட திட்டத்துக்குத் தாம் காலமெல்லாம் சம்பளம் கொடுப்பதா என்ற அதன் தயக்கத்தையும் குற்றம் சொல்ல முடியாது. கருவி விஷயத்திலும் இதே கதைதான். விலையுயர்ந்த நிறமாலைமானி ஒன்றை மானியக் குழுவின் பணத்தில் வாங்கலாம். அது இயங்கத் தேவையான குளிரூட்டியின் மின் கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பழுதான உதிரிபாகம், அதை இயக்கத் தெரிந்த தொழில்நுட்பப் பணியாளர் ஆகிய அனைத்தும் மாநிலத்தின் கணக்கு. மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வகங்களில் உறையிட்டு மூடப்பட்ட கருவிகள் தென்படுவதற்கு, இப்படி இரண்டாகப் பிளந்த நிதியமைப்பையே ஆசிரியரின் சோம்பலைவிட முதன்மையான காரணமாகச் சொல்ல வேண்டும்.

ஊதியக் குழுக்களின் வரலாறும் இதையே வேறு வகையில் சொல்கிறது. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி ஆசிரியர் சம்பளம் திருத்தப்பட்டபோது, கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை 2006 ஜனவரி முதல் 2010 மார்ச் வரை மத்திய அரசு ஏற்றது. ஏழாவது ஊதியக் குழுவின்போது அது 50 விழுக்காடாகக் குறைந்து, 2019 மார்ச்சோடு நின்றுபோனது. சம்பள விகிதத்தை நிர்ணயிப்பது தில்லி. அதன் முழுச் சுமையையும் நிரந்தரமாகச் சுமப்பது மாநிலம்.

பணம் போனது, விதி தங்கியது

12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு, வல்லுநர் குழு பல்கலைக்கழகத்துக்கு வந்து தேவையைக் கேட்டறிந்து ஐந்தாண்டு ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்கும் சுழற்சியும் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 2013இல் தொடங்கிய ரூசா என்னும் தேசிய உயர்கல்வித் திட்டம், மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான மத்திய நிதியை அமைச்சகம் வழியாக மாற்றிவிட்டது. 2023இல் அது பி.எம்.-உஷா என்ற பெயரில், 12,926.10 கோடி ரூபாய் மதிப்பீட்டில், தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தை முன்நிபந்தனையாகக் கொண்டு மறுவடிவம் பெற்றது. மத்திய நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் கடன் தருவதற்காக, கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் கூட்டாக நடத்தும் உயர்கல்வி நிதியுதவி முகமை 2017இலேயே வந்துவிட்டது. மானியத்தின் இடத்தில் கடன் வந்து அமர்ந்தது.

பணப்பை மெலிந்த அதே ஆண்டுகளில் குழுவின் கட்டளைகள் பெருகின. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, பரிந்துரையை ஏற்காத பல்கலைக்கழகத்துக்கு மானியத்தை நிறுத்தி வைப்பதே குழுவின் கையிலிருந்த முதன்மையான தண்டனை. கொடுப்பவன் கையை இழுத்துக்கொள்வான் என்ற அளவில் அது நியாயமானது. இன்றைய விதிமுறைகளோ கொடுக்காத பணத்துக்கும் கணக்குக் கேட்கின்றன. 2025 ஜனவரியில் வெளியிடப்பட்ட வரைவு விதிமுறைகள், துணைவேந்தர் தேடல் குழுவை அமைக்கும் உரிமையை மாநில அரசிடமிருந்து எடுத்து வேந்தரான ஆளுநரிடம் சேர்த்தன. பின்பற்றாத பல்கலைக்கழகம் பட்டப் படிப்புகளையே நடத்த முடியாமல் போகலாம் என்றும், 2எஃப், 12பி பட்டியல்களிலிருந்து நீக்கப்படலாம் என்றும் எச்சரித்தன. தமிழ்நாடு சட்டப்பேரவை ஜனவரி 9 அன்று அவற்றை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. குழுவின் விதிமுறைகள் மாநிலங்களை எவ்வளவு தூரம் கட்டும் என்பதில் நீதிமன்றமும் ஒரே நிலையில் நின்றதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில், மாநிலம் ஏற்றுக்கொள்ளாதவரை அவை மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டுதல் மட்டுமே என்று 2015இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2022இல் குஜராத், கேரள வழக்குகளில் விதிமுறையை மீறிய துணைவேந்தர் நியமனங்களை ரத்து செய்தது.

குழு விதிக்கும் தரத்துக்கும் குழு தரும் பணத்துக்கும் தொடர்பு அறுந்ததைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்ச வரம்பாக 50,000 ரூபாய் வழங்கலாம் என்று குழு 2019இல் அறிவித்தது. அறிவிப்போடு பணம் வரவில்லை. நிரந்தர ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை அதற்கு வெகு குறைவான தொகுப்பூதியத்தில் செய்துவந்தவர்கள் அந்தச் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

---
பெட்டிச் செய்தி: சில எண்கள்

● நிதி ஆயோக் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 81 விழுக்காட்டினர், அதாவது 3.25 கோடிக்கு மேற்பட்டோர், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களையும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளையும் சார்ந்தவர்கள்.

● 2023-24 திருத்திய மதிப்பீட்டில் 6,409 கோடி ரூபாயாக இருந்த யு.ஜி.சி.க்கான ஒதுக்கீடு, 2024-25 நிதிநிலை அறிக்கையில் 2,500 கோடியாகக் காட்டப்பட்டது.

● 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4, தமிழ்நாட்டில் 47.

● இலங்கையின் பல்கலைக்கழக மானிய ஆணைக்குழு, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் ஏற்பட்டது. அங்கே நிதி ஒதுக்கீட்டோடு இளநிலை மாணவர் அனுமதியும் அதே அமைப்பின் கையில் உள்ளது.

---

மாநிலத்தின் பங்கு

எல்லாப் பழியையும் தில்லியின் மீது போட்டுவிட்டு ஒதுங்குவது தமிழ்நாட்டு அரசியலில் எளிது. பல்கலைக்கழகங்களின் வரவு செலவுக் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் அன்றாட வாழ்வு மாநில அரசின் தொகுப்பு மானியத்தை நம்பியே உள்ளது. அந்தத் தொகை தேவையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. பெரும்பாலும் முந்தைய ஆண்டின் தொகையிலிருந்தும் தணிக்கைத் தடைகளிலிருந்தும் உருவாகிறது. தணிக்கைத் தடை என்பது, ஒரு செலவினத்துக்கு உரிய அரசாணையோ ஒப்புதலோ இல்லை என்று தணிக்கைத் துறை எழுப்பும் மறுப்பு. அரசு ஒப்புதல் பெறாத பணியிடத்தில் ஒருவரை நியமித்துச் சம்பளம் கொடுத்துவந்தால் தணிக்கை அதை ஏற்காது. ஏற்கப்படாத செலவு மானியக் கணக்கில் சேராது. விதிப்படி அது சரிதான். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் துணைவேந்தரின் காலத்திலோ நடந்த நியமனத்துக்கு இன்றைய மாணவரின் ஆய்வகம் விலை கொடுக்கிறது.

பல்கலைக்கழகங்கள் தாமே தேடிக்கொண்ட வருவாயும் வறண்டுவிட்டது. சென்னையிலிருந்து பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் 1982இலும், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இலும் பிரிந்தபோது, இணைவுக் கல்லூரிகளும் அவை செலுத்திய இணைவிப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் உடன் பிரிந்து சென்றன. ஓய்வூதியம் பெறுவோர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கினர். கல்லூரிகள் தன்னாட்சி பெற்றபோது தேர்வு வருவாய் மேலும் சுருங்கியது. எஞ்சியிருந்த பெரிய ஊற்று தொலைநிலைக் கல்வி. மதுரை, காரைக்குடி, சிதம்பரம் ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் வெளிமாநிலங்களிலும் கடல் கடந்தும் படிப்பு மையங்கள் நடத்தி, அந்தக் கட்டணத்தில் வளாகத்தையே நடத்தின. தம் ஆட்சி எல்லைக்கு அப்பால் மையம் நடத்தக் கூடாது என்று 2013இல் மானியக் குழு கண்டிப்புக் காட்டியதும், 2017ஆம் ஆண்டு விதிமுறைகள் தர மதிப்பெண்ணை நிபந்தனையாக்கியதும் அந்த ஊற்றை அடைத்தன. தரமற்ற மையங்கள் பெருகியிருந்தது உண்மை. கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதிலும் ஐயமில்லை. ஒரு நிறுவனத்தின் பிரதான வருவாயை ஒரே ஆணையில் நிறுத்தும் அமைப்பு, அதன் நிதித் தேவையை ஆராய்ந்து அரசுக்குச் சொல்லும் கடமையும் தனக்கு இருப்பதை மறந்ததுதான் குறை. அதே 2013இல் நிதிச் சிக்கலில் மூழ்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சட்டம் இயற்றி மாநில அரசே ஏற்க வேண்டி வந்தது. அதன் உபரிப் பணியாளர்கள் பல்வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

இந்தச் சுருக்கத்தின் விளைவுகள் தலைப்புச் செய்தியாவது சம்பளம் நின்றுபோகும் மாதத்தில் மட்டும்தான். மற்ற மாதங்களில் அது சத்தமின்றி நடக்கிறது. ஓய்வு பெறும் பேராசிரியரின் இடம் நிரப்பப்படுவதில்லை. ஆசிரியர் எண்ணிக்கை குறைந்தால் வழிகாட்டிகள் குறைவர், முனைவர் பட்ட இடங்கள் குறையும். ஆய்வு வெளியீடு குறைந்து தேசியத் தரவரிசையிலும் தர மதிப்பீட்டிலும் மதிப்பெண் இறங்கும். மதிப்பெண் இறங்கினால் தொலைநிலைப் படிப்புக்கான அனுமதியும் போட்டி அடிப்படையிலான ஆய்வு நிதியும் கைநழுவும். சம்பாதிக்கும் வழி எஞ்சியிருப்பது சுயநிதிப் படிப்புகளில். அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அரசு உதவி பெறும் பாடத்துக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பாடத்துக்கு அதைவிடப் பல மடங்குக் கட்டணம் என்று இரு வரிசைகள் உருவாகின்றன. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வரும் மாணவிக்கு எந்த வரிசையில் இடம் கிடைக்கும் என்பதைத் தகுதிப் பட்டியலோடு குடும்பத்தின் கையிருப்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மொத்தச் சேர்க்கை விகிதத்தில் நாட்டின் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

நான்காவது தூண் எங்கே?

2018 ஜூனில் வெளியான இந்திய உயர்கல்வி ஆணைய வரைவு மசோதா, யு.ஜி.சி.யைக் கலைத்து, மானியம் வழங்கும் பணியை அமைச்சகத்திடம் கொடுக்க முன்மொழிந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது கிடப்பில் போடப்பட்டது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை சற்றே திருந்திய வடிவத்தைக் காட்டியது. ஒழுங்குமுறை, தர அங்கீகாரம், நிதி, கல்வித் தர நிர்ணயம் ஆகிய நான்கும் தனித்தனி அமைப்புகளிடம் இருக்க வேண்டும். நிதிக்கு உயர்கல்வி மானிய மன்றம் ஒன்று அமைய வேண்டும் என்றது அக்கொள்கை. ஒரே கையில் பிரம்பும் பணமும் இருப்பது நல்லதல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்ட விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான் மசோதா, அந்த நான்கில் மூன்றை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஒழுங்குமுறைக்கு ஒரு மன்றம், அங்கீகாரத்துக்கு ஒரு மன்றம், தர நிர்ணயத்துக்கு ஒரு மன்றம். மானிய மன்றம் இல்லை. பணம் அமைச்சகத்தின் பொறுப்பாகிறது. தமிழ்நாட்டில் எழுந்த விவாதத்தின் பெரும்பகுதி மசோதாவின் இந்திப் பெயரைச் சுற்றியே நடந்தது. பெயர் குறித்த எதிர்ப்பு நியாயமானதே என்றாலும், விடுபட்ட நான்காவது மன்றம் அதைவிட அதிகக் கவனத்துக்கு உரியது. கல்வியாளர்கள் கூடி, வெளிப்படையான மதிப்பீட்டின் வழியாக, பல்கலைக்கழகங்களின் தேவையை எண்ணிக்கையில் எழுதி அரசின் முன் வைக்கும் இடம் இந்த மசோதாவில் எங்குமே இல்லை. நடைமுறை அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. மத்திய, மாநில அரசு அலுவலர் அல்லாத ஒருவரே யு.ஜி.சி.யின் தலைவராக வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் கூற, 2025 ஏப்ரலில் தலைவர் ஓய்வு பெற்றபின் அந்தப் பொறுப்பு உயர்கல்வித் துறைச் செயலரிடமே கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. ஆலோசனை சொல்லும் நாற்காலியிலும் அதைக் கேட்கும் நாற்காலியிலும் ஒருவரே அமர்ந்தால், அங்கே நடப்பதை ஆலோசனை என்று சொல்ல முடியாது.

மாநில அளவில் இந்த இடத்தை நிரப்புவதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. மாநில அளவில் உயர்கல்வியைத் திட்டமிடவும் ஒருங்கிணைக்கவும் உயர்கல்வி மன்றங்கள் வேண்டும் என்று 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை கூறியதையடுத்து, தமிழ்நாடு 1992இல் தன் மன்றத்துக்குச் சட்டம் இயற்றியது. பாடத்திட்டம், பட்டங்களின் இணைத்தன்மை போன்றவற்றில் அதன் குரல் கேட்கிறது. நிதித் தேவையைப் பற்றி அது பேசி எவரும் கேட்டதில்லை. உயர்கல்வி அமைச்சரே அதன் தலைவராக இருக்கும்வரை பேசவும் முடியாது. அமைச்சர் தம் அரசின் மானியம் போதாது என்று தாமே அறிக்கை வெளியிடுவார் என எதிர்பார்ப்பது பேதைமை. தலைமையைக் கல்வியாளர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை, நிரப்பப்படாத பணியிடம், ஓய்வூதியச் சுமை, ஆய்வகச் செலவு ஆகியவற்றை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பிட்டு, நிதிநிலை அறிக்கைக்கு முன் சட்டப்பேரவையில் தாக்கல் செய்யும் கடமையை அந்த மன்றத்துக்கு அளிக்க ஒரு சட்டத் திருத்தம் போதும். பரிந்துரைத்த தொகையை ஒதுக்காத ஆண்டில் அதற்கான காரணத்தை நிதியமைச்சர் அவையில் எழுத்தில் தர வேண்டும் என்ற ஒரு வரியும் அத்திருத்தத்தில் சேர வேண்டும். தில்லியின் அதிகாரக் குவிப்பை எதிர்த்து 2025இல் தீர்மானம் நிறைவேற்றிய அதே பேரவைக்கு, இந்தத் திருத்தத்தை நிறைவேற்ற யாருடைய மானியமும் தேவையில்லை.